எளிமையைத் துவைத்தவள்

ஃபிரிட்ஜ் போன அன்றைக்குக்கூட அவள் சண்டை போடவில்லை. இரண்டு ஆட்கள் வந்து அதைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போனபோது சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் தரை வேறு நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது. காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம் ஒன்றும், மகள் சின்ன வயதில் தொலைத்துவிட்டு அழுத முடிக்கிளிப் ஒன்றும் அங்கே கிடந்தன. குனிந்து கிளிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியா, எவ்வளவு இடம் கிடைச்சுது," என்றார் கணவர். மெதுவாகச் சொன்னார். இப்போதெல்லாம் எதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

"பாத்தேன். இனிமே மிச்சமாகிற சாப்பாட்டை அந்த இடத்திலேயே கொட்டி வைக்கிறேன்."

அவர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைதான் அவளுக்கு ஆகவே ஆகாது. திட்டினால் திருப்பித் திட்டலாம். புன்னகையை என்ன செய்வது?

அவரைத் தெருவில் எல்லோரும் மேனேஜர் என்றுதான் சொல்வார்கள். டைல்ஸ் விற்கிற பெரிய கம்பெனி ஒன்றில் விற்பனை மேனேஜர். அவர் போனில் பேசினால் தெருமுனையில் இருக்கிறவர்களுக்குக்கூட எந்த ஊருக்கு எவ்வளவு சரக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். பளபளக்கிற ஷூ, கமகமவென்று சென்ட், வாரம் ஒரு புதுச் சட்டை. கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிப்போனது. வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகிவிட்டது.

அவளைப் பார்லரக்கா என்பார்கள். வீட்டின் முன்னறைதான் பார்லர். சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, தங்க நிறத் திரை, மருதாணிச் சிவப்பில் பூசிய சுவர், நடுவில் மிதித்தால் ஏறி இறங்குகிற நாற்காலி. அவளுக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சுப் பெண்ணின் சடையைப் பிரித்துப் புதிதாகப் பின்னிவிட்டதற்காக எத்தனையோ முறை வெளியே நின்றிருக்கிறாள். அடுத்தவர் தலையைக் கண்டால் கை சும்மா இருக்காது. யாரோ சொல்லிக்கொடுத்து வந்த வேலையில்லை அது. பசி மாதிரி கூடவே பிறந்தது.

மேனேஜர் அப்படி மெதுவாகப் பேசத் தொடங்கியது ஒரு முகாமுக்குப் போய்வந்த பிறகு. கூட வேலை செய்கிறவர் ஒருவர் சனி, ஞாயிறுக்கு அழைத்துப் போயிருந்தார். ஊருக்கு வெளியே பழைய தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றில் கொஞ்சம் பேர் கூடி உட்கார்ந்து, எளிமையாக வாழ்வது எப்படி என்று பேசுவார்களாம். அங்கே பேசுகிறவரை எல்லோரும் அண்ணன் என்பார்களாம். தண்ணீர் போல இரு, பள்ளத்தைப் பார்த்துப் போ, யாரோடும் முட்டாதே என்பாராம். கேட்ட மாத்திரத்தில் அவள் அந்த ஆளுக்குத் தண்ணியண்ணன் என்று பேர் வைத்துவிட்டாள்.

போனவர் இரண்டு ஜோடி வெள்ளைச் சட்டை பேன்ட்டோடு திரும்பி வந்தார். அன்று சாப்பிடும்போது சொன்னார்: "மனுஷன் பொறக்கும்போது செதுக்காத மரக்கட்டை மாதிரிதான். அதுதான் அவனோட நிஜம். நாமதான் அதைச் செதுக்கி, பாலிஷ் போட்டு, கெடுத்து வச்சிருக்கோம்."

"நீங்க கட்டைங்கிறது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்," என்றாள் அவள்.

மகள் சிரித்ததில் சாப்பாடு புரையேறிவிட்டது. மேனேஜர் கோபப்படவில்லை. அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் போனவை அவருடைய பொருள்கள். ஷூக்கள், சென்ட் பாட்டில்கள், கோட்டு, கைக்கடிகாரம். அவை போனது பற்றி அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அந்த வாசனை இல்லாமல் அலமாரியைத் திறந்தால் யாரோ காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. பிறகு சோபா போனது, டிவி போனது, சாப்பாட்டு மேஜை போனது. வாஷிங் மெஷின் போன அன்று முகாம்காரர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, காலியான கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "இந்த மாதிரி ஒரு வீட்டை நாங்க பாத்ததே இல்ல" என்றார்கள். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையில் காது மட்டும் சிவந்திருந்தது. ஒரு காலத்தில் கம்பெனி கூட்டத்தில் பேர் சொல்லிக் கைதட்டினால் இப்படித்தான் அவருக்குக் காது சிவக்கும்.

மெஷின் போனால் துணி தானாக வெளுத்துக்கொள்ளுமா? இரண்டே ஜோடி. ஒன்று உடம்பில், ஒன்று வாளியில். வெள்ளையில் சின்னப் புள்ளி விழுந்தாலும் தெரியும். வெள்ளை வெளேரென்று இருக்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கழுத்துப்பட்டியை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். தினமும் காலையில் பார்லர் திறப்பதற்கு முன்னால் அவள் துவைகல்லருகே உட்கார்ந்து தேய்த்தாள். புருவம் திருத்துகிற கை அது. நூலை விரல்களுக்கு நடுவே இழுக்கும்போது சோப்புப் புண்கள் எரிந்தன. ஃபிரிட்ஜ் போன பிறகு வேளாவேளைக்குக் காய் வாங்கி, வேளாவேளைக்கு நறுக்கி வேகவைக்க வேண்டியிருந்தது. அவர் வேகவைத்த காய்தான் சாப்பிட்டார். உப்பு குறைவாக.

ஒரு நாள் கொடியில் அந்தச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்க எளிமையை நான்தான் தினமும் துவைச்சுக் காயப்போடறேன். அதையாவது அங்க சொல்றீங்களா?"

"நீ ஏன் சுமையா நினைக்கிற? இறக்கி வை," என்றார் அவர்.

"எங்க இறக்கி வைக்கட்டும்? மேஜையும் போயிடுச்சே."

"பேசிப் பேசி மறைக்கிற. உன்னையே நீ பாத்ததில்ல. முகத்துல பூசுறது, உதட்டுல பூசுறது, எதுவும் நீ இல்ல. உன் தொழிலே அப்படித்தான். இருக்கிற முகத்தை மூடி இல்லாத முகத்தைக் காட்டுற தொழில். பொய்யில சம்பாதிக்கிறது நிலைக்காது."

அவள் கையிலிருந்த துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டாமல் வாளிக்குள் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் கத்தியிருக்கிறார், தட்டைத் தள்ளியிருக்கிறார், அவளுடைய அண்ணனை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அதெல்லாம் மறுநாள் காலைக்குள் ஆறிவிடும். இது ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. சத்தமே போடாமல் சொன்னதால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"உங்க கம்பெனி சிமென்ட் தரையை மூடத்தானே டைல்ஸ் விக்குது?" என்றாள். "அதுல வர்ற சம்பளம் மட்டும் நிலைக்குமா?"

புன்னகை வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவளுடைய தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. துணைக்கு ஆள் வேண்டுமென்று அவள் பக்கத்து ஊருக்குப் போய் அந்த வாரக் கடைசியில் திரும்பினாள். முன்னறைக் கதவைத் திறந்ததும் என்ன குறைகிறது என்று உடனே பிடிபடவில்லை. கண்ணாடி இருந்தது, திரை இருந்தது. கண்ணாடியில் எதிர்ச் சுவர் முழுதாகத் தெரிந்தது. வழக்கமாக அப்படித் தெரியாது. நடுவில் நாற்காலி இருக்கும்.

தரையில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

அவள் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஸ்கூல்வேன் அக்கா வந்துவிட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துபோனவர். பல வருஷ வாடிக்கை. வாரா வாரம் வந்து தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "என்னமோ பண்ணிக்கோ, பிள்ளைங்க பயப்படாத மாதிரி இருந்தா போதும்" என்பார்.

மேனேஜர் உள்ளேயிருந்து ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். "உக்காருங்க. தரையோட இருக்கிறது உடம்புக்கு நல்லது."

"சார், நான் கீழ உக்காந்தா எந்திரிக்க நாலு பேர் வேணும்," என்றார் வேன் அக்கா. பாயைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "எங்க வீட்டு முன்னறையைப் பூட்டித்தான் வச்சிருக்கேன். உனக்கு வேணும்னா சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போனார்.

"நாற்காலி எங்க?" என்றாள் அவள்.

"தேவைப்பட்டவங்ககிட்ட போயிருக்கு."

"யார்கிட்ட?"

"கொடுத்ததை யாருக்குன்னு சொல்லிக்கிட்டா அது கொடுத்ததே இல்ல."

அவள் திரும்பிப் போய், வாளியில் ஊறிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் பிழியாமலே அப்படியே பாயின் மேல் போட்டாள். தண்ணீர் ஓடி முன்னறை முழுக்கப் பரவியது. "இந்தாங்க தண்ணி. பள்ளம் பாத்துப் போகுதா பாருங்க."

அன்றிலிருந்து அவருடைய துணியைத் தொடவில்லை. காயும் வேகவைக்கவில்லை. தனக்கும் மகளுக்கும் மட்டும் காரசாரமாகச் சமைத்தாள். மேனேஜர் பழமும் தண்ணீருமாக இருந்தார். அதையும் ஒரு நோன்பு மாதிரி முகத்தில் வைத்துக்கொண்டார். சட்டை பழுத்துக்கொண்டு வந்தது. கழுத்துப்பட்டியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மருந்துக்கடையில் வேலை முடிந்து வருகிற மகளிடம், "உங்கப்பாகிட்ட கேளு", "உங்கம்மாகிட்ட சொல்லு" என்றே நாள் ஓடியது.

"நான் என்ன உங்களுக்குத் தபால்பெட்டியா?" என்று மகள் ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "ரெண்டு பேருக்கும் வயசு ஏறுதே தவிர..."

ஆனாலும் நாற்காலி போன இடத்தை மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். முகாம்காரர்கள் அப்பாவின் போனுக்கு அனுப்பிய படம் ஒன்றைத் தற்செயலாகப் பார்த்திருந்தாள். தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினாள். கொட்டகை. தரையில் வரிசையாக வெள்ளை உடைக்காரர்கள். அவர்களுக்கு எதிரே, பார்லர் நாற்காலியில், கால்வைக்கும் பலகையில் காலை வைத்துக்கொண்டு, வழுக்கைத் தலை ஆள் ஒருவர்.

"இதான் தண்ணியண்ணனா?" என்றாள் அவள்.

"அப்படித்தான் நினைக்கிறேன். அம்மா, அங்க போய் ஒண்ணும்..."

"நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. என் பொருளை எடுத்துட்டு வரப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் அழுக்குச் சட்டையோடு பஸ் ஏறிப் போனார். அவர் போன பிறகு அவள் குளித்தாள். இருப்பதிலேயே கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறச் சேலையை எடுத்துக் கட்டினாள். உதட்டுக்கு நல்ல சிவப்பாகப் பூசினாள். கண்ணுக்கு மையிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் இருந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. முக்கு ரோட்டில் சாமான் ஏற்றுகிற குட்டி லாரி ஒன்றைப் பேசிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் வெள்ளை. பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றவில்லை. வரிசைகளுக்கு நடுவே டக் டக்கென்று நடந்து போனாள். முன்வரிசையில் இருந்த மேனேஜர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர், உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப் போனார்.

நாற்காலி நன்றாக மேலே ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்திருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். கைவைத்த பனியன், தொளதொளத்த பேன்ட். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, "வாம்மா" என்றார்.

அவள் நாற்காலிக்குப் பக்கவாட்டில் போய் நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிதியில் காலை வைத்து அழுத்தினாள்.

நாற்காலி புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கியது. எல்லோருக்கும் மேலே இருந்த அந்த வழுக்கைத் தலை மெதுவாக, மிக மெதுவாக, கீழே வந்தது. அவள் கண்ணை எடுக்காமல் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். அவமானம் எப்படி வந்து உட்காருகிறது என்று பார்க்கவேண்டும் அவளுக்கு. யாரோ ஒருவர் "என்னம்மா இது" என்று எழுந்தார்.

அண்ணன் சிரித்துவிட்டார். நாகரிகத்துக்குச் சிரிக்கிற சிரிப்பில்லை. வயிறு குலுங்க, கண் சுருங்க, ஊஞ்சலில் இறங்குகிற பிள்ளை மாதிரி. "அட, இது இறங்கக்கூட இறங்குமா? எனக்குத் தெரியாம போச்சே. இவ்வளவு நாளும் ஏறித்தான் உக்காந்தேன். இன்னொரு தரம் பண்ணும்மா."

"விளையாட்டுச் சாமானா இது?" என்றாள் அவள். குரல் நடுங்கியது. அடிக்க ஓங்கிய கைக்கு ஆள் இல்லாமல் போன நடுக்கம். "இது என் நாற்காலி. என் சோறு. எந்திரிங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு எழுந்து நின்றார். "உன்னுதாம்மா? எனக்கு இடுப்பு போய் ரொம்ப நாளாச்சு. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாது. இவர் கொண்டாந்து போட்டாரு. வீட்டுல யாருக்கும் வேணாமான்னு கேட்டேன். ஒருதடவைக்கு ரெண்டு தடவை கேட்டேன். சும்மா கிடக்குதுன்னாரு."

அவள் திரும்பினாள். "சும்மா கிடந்துச்சா?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். கொட்டகையே அவரைப் பார்த்தது.

"உங்களைத்தான் கேக்கறேன். அதுல உக்காந்து எழுந்தவங்களை வச்சுத்தான் உங்க மகளைப் படிக்க வச்சேன். சும்மா கிடந்துச்சா?"

"வீட்டுல பேசிக்கலாம்," என்றார் அவர், அதே மெதுவான குரலில்.

"தூக்குங்கப்பா ரெண்டு பேர்," என்று அண்ணன் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு குனிந்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார். முன்பு லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவராம். "அடியில எண்ணெய் கசியுதும்மா. சீல் மாத்திடு. இல்லேன்னா ஒருநாள் ஆளோட உக்காந்துடும்." அதற்கு மேல் அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, தத்துவமும் சொல்லவில்லை. நாற்காலி போன இடத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார். அதுவும் அவருக்குச் சரியாகத்தான் இருந்தது போல. அவர் ஒரு வேஷக்காரராக இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வெறுக்கவாவது சௌகரியமாக இருந்திருக்கும்.

வாசலில் நாற்காலியைக் குட்டி லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திட்ட."

"எளிமையான ஆளுக்கு என்னங்க அசிங்கம்? தண்ணிக்கு எங்கயாவது அசிங்கம் உண்டா?"

"கிண்டல் பண்ணாத."

"பண்ணுவேன். எனக்கு அதான் வரும். உங்களுக்குத்தான் வராததை எல்லாம் வரவழைச்சுக்கிட்டுத் திரியணும்."

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். "உனக்கு என்னடி தெரியும்?" இரண்டாவது முறை கேட்கும்போது குரல் உடைந்து, பழைய குரல் வெளியே வந்துவிட்டது. மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்த குரல். லாரி டிரைவர் பாட்டை நிறுத்தினார். "நான் டீ வாங்கிக் கொடுத்து, கூடவே கூட்டிட்டுப் போய் வேலை கத்துக்கொடுத்தவன் இன்னைக்கு எனக்கு மேல உக்காந்திருக்கான். என் ரூமை எடுத்துக்கிட்டான். எனக்கு கோடவுன்ல, உடைஞ்ச டைல்ஸுக்கு நடுவுல ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்காங்க. எல்லாரும் பாத்தாங்க. ஒருத்தன் வாயைத் திறக்கல. இனிமே என்கிட்டேயிருந்து எவனும் எதையும் எடுக்கக்கூடாதுன்னு நினைச்சேன். என்கிட்ட ஒண்ணுமே இல்லேன்னா எதை எடுப்பான்? நானே விட்டுட்டேன்னு ஆயிடும்ல?"

அவர் மூச்சு வாங்கினார். பழுப்பேறிய சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கு அவரைத் தொடவேண்டும் போல இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் இருந்தது.

"அவன் உங்ககிட்ட எடுத்தான்," என்றாள். "அதுக்கு நீங்க என்கிட்ட எடுத்தீங்க."

அவர் லாரியில் தொங்கிய கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன்தான். அப்புறம் அவன் வீட்டு வாசலுக்கே போய் அவனைச் செருப்பால அடிச்சிருப்பேன். இருபத்தஞ்சு வருஷமா கூட இருக்கீங்க, இதுகூடவா தெரியாது? என்னைப் பொய்யின்னு சொன்னீங்க. மூடி மறைக்கிறவன்னு சொன்னீங்க. யாரு மறைச்சது?"

"தப்புதான். அந்த வார்த்தையை..."

"வேணாம். இப்ப நீங்க தப்புன்னு சொன்னா நான் உடனே சரின்னு சொல்லணும். எனக்கு இன்னும் கோபம் தீரல."

அவள் லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "வீட்டுக்குத்தானேக்கா?" என்று டிரைவர் கேட்டார். "இல்ல," என்று சொல்லி, ஸ்கூல்வேன் அக்காவின் தெருப் பெயரைச் சொன்னாள்.

அந்த முன்னறை சின்னது. ஒரு ஜன்னல், ஒரு பல்பு. நாற்காலியைப் போட்டு, எண்ணெய் கசிகிற சீலை மாற்றி, சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினாள். மறுநாளே ஆள் வந்தார்கள். தூக்கமும் அங்கேதான். மூன்று சேலை, ஒரு அடுப்பு, இரண்டு பாத்திரம். மாலையில் மகள் வந்து சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப நீதாம்மா எளிமையா இருக்க," என்றாள்.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை இங்க சொன்னா உன் முடியை ஒரு பக்கம் மட்டும் வெட்டி அனுப்பிடுவேன். எனக்கு ஃபிரிட்ஜ் வேணும். சோபா வேணும். தங்கக் கலர் திரை வேணும். வாங்குவேன்."

வீட்டுச் செய்திகள் மகள் மூலமாக வந்தன. அப்பா தானே துணி துவைக்கிறார். நீலத் துண்டோடு சேர்த்து ஊறவைத்ததில் இரண்டு ஜோடியும் மேகம் மாதிரி ஆகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் முகாமுக்குப் போவதில்லை. அந்த அண்ணன் ஒருமுறை போன் பண்ணி, "உனக்கு எது போட்டா நல்லா இருக்குமோ அதைப் போட்டுக்கிட்டு வாப்பா, வெள்ளைதான்னு யார் சொன்னது" என்றாராம். அப்பா பட்டென்று போனை வைத்துவிட்டாராம். கோடவுனில் யாரோ சரக்கை மாற்றி ஏற்றியதற்கு அப்பா போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த அந்தப் புது மேலதிகாரியே இறங்கி வந்துவிட்டாராம். வந்தவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்ததாம். அப்பாவின் மேஜை இன்னும் கோடவுனில்தான் இருக்கிறது.

"நீ எப்பம்மா வருவ?"

"தெரியல."

நிஜமாகவே தெரியவில்லை. சில நாள் காலையில் எழும்போது கோபம் ஆறிவிட்டது போல இருக்கும். நூலை விரலில் சுற்றி இழுத்ததும், பொய்யில் சம்பாதிக்கிறது என்ற வார்த்தை எங்கிருந்தோ வந்து நிற்கும்.

ஒரு நாள் நடுப்பகலில் மேனேஜர் வந்தார். கோடு போட்ட பழைய சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். மகளுடைய அலமாரிக்கு மேலே எங்கோ தப்பிக் கிடந்ததாக இருக்கவேண்டும். உள்ளே வரவில்லை. தெருவில் நின்றுகொண்டே, "மோட்டார் ஓடல," என்றார்.

அவள் வேன் அக்காவின் புருவத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க."

"அவன் நம்பர் உன்கிட்டதானே இருக்கு."

"மககிட்ட இருக்கு."

தெருவில் செருப்பைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "என்னல்லாம் வாங்கி வைக்கணும்னு சொல்லு. வாங்கி வைக்கிறேன்," என்றார்.

"வாங்கறதுக்கு முன்னாடி கேக்கறீங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்."

"அதான் இப்ப கேக்கறேன்ல."

"இப்ப நான் வேலையா இருக்கேன்."

அவர் போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. வாசல்படியில், உச்சி வெயிலில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வேன் அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "போகச் சொல்லு, இல்ல உள்ள கூப்பிடு. மனுஷன் கருகிடுவாரு," என்று முணுமுணுத்தார்.

"தலையை ஆட்டாதீங்க," என்றாள் அவள். "வெயில் அவர் ஒருத்தருக்கு மட்டும் அடிக்கல."

அவள் அவசரப்படவில்லை. ஒரு புருவத்தை முடித்துவிட்டு மற்றதுக்குப் போனாள். பிறகு முகத்தைத் துடைத்தாள், கேட்காமலே தலையையும் வாரிவிட்டாள். வேன் அக்கா எழுந்து போன பிறகு நாற்காலியைத் துணியால் துடைத்தாள். வாசல்படியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அடுத்ததாக முடி வெட்டிக்கொள்ள வந்த பெண், வழியில் நீட்டியிருந்த அவருடைய காலைத் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.